பொறுக்கும் என்று சொன்ன வீடு

விளையாட்டின் நடுவே கணினி அணைந்துபோனால் அதை வாய்விட்டுத் திட்டலாம்; அது கோபித்துக்கொள்வதில்லை. கோவையின் வடக்கே, செண்பகா அடுக்ககத்தின் மூன்றாம் தளத்தில் தனியாக வாழ்ந்துவந்த நவநீதன் அந்தச் சலுகையைக் கொஞ்ச காலமாகத் தாராளமாகவே பயன்படுத்திவந்தான்.

இத்தனைக்கும் அவன் கோபக்காரன் அல்லன். தண்ணீர்ப் பம்புகளுக்கு வரைபடம் போடுவது அவன் தொழில். அலுவலகத்தில் அவன் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கணினி அணைந்தால் மட்டும் அவன் நிலைகுலைந்துபோனதற்குக் காரணம் திருச்சியில் இருந்தது. அவனுடைய மகள் நிறைமதி அங்கே தன் தாயோடு வசித்தாள். கணவனும் மனைவியும் பிரிந்தபோது வீட்டைவிட்டுப் பெட்டியுடன் வெளியேறியவன் நவநீதன்தான். அதற்கப்புறம் தொலைபேசியில் அவன் எதைக் கேட்டாலும் மகளிடமிருந்து "ம்", "சரி", "வெச்சிடவா" என்ற மூன்று சொற்களே வந்தன.

கப்பல் கட்டும் விளையாட்டு ஒன்றில் தற்செயலாக அவளோடு சேர்ந்து விளையாடியபோதுதான் அந்தப் பூட்டு திறந்தது. திரையில் ஒரு தீவு; அதில் இரண்டு பொம்மை மனிதர்கள் மரம் அறுத்து, பலகை இழைத்துக் கப்பல் கட்டவேண்டும். கை வேலையாக இருக்கும்போது பெண்ணுக்கு வாய் தானாகத் திறந்தது. பள்ளிக்கூடத்தைப் பற்றி, தோழியின் அலட்டலைப் பற்றி, அம்மாவின் புதிய மூக்குக்கண்ணாடியைப் பற்றியெல்லாம் பேசினாள். மாலையில் கிடைக்கும் அந்தச் சிறிது நேரத்துக்காகவே நவநீதன் அன்றைய பகல் முழுவதையும் கடத்தினான்.

அந்த நேரத்தில்தான் கணினி கண் சிமிட்டிவிட்டு அணையும். மறுபடி தானாகவே உயிர்பெறும். அவன் விளையாட்டுக்குள் திரும்பிச் சேர்வதற்குள் அவள் குரல் மாறியிருக்கும்.

"திரும்பவும் போயிட்டீங்களாப்பா?"

வேறு எந்த வீட்டிலும் அது சாதாரணக் கேள்வியாக இருந்திருக்கும்.

நவநீதன் முறையாகக் கோளாறு தேடினான். பெட்டியைத் திறந்து தூசியை ஊதினான். நினைவகத் தகடுகளைக் கழற்றித் துடைத்து மாட்டினான். சூடு ஏறுகிறதோ என்று பக்கத்தில் மேசை விசிறியை வைத்துப் பார்த்தான். மின்சாரம் ஊட்டும் பாகத்தையே புதிதாக வாங்கிப் பொருத்தினான். விளையாட்டைத் திறக்காமல் சும்மா விட்டுவைத்தாலும் கணினி அணைந்தது. ஏன் அணைந்தாய் என்று கேட்டால், "எதிர்பாராமல் அணைந்தது" என்று மட்டும் பதில் எழுதிக் காட்டியது. அது அவனுக்கும் தெரிந்த செய்திதான்.

கடைசியில் கல்லூரித் தோழன் ஜெரோமை அழைத்தான். காந்திபுரத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ஜெரோம் வந்தான், முட்டை பப்ஸைத் தின்றான், கணினியின் முதுகைத் தட்டிப் பார்த்தான், சிரித்தான்.

"மாப்ள, இதுக்கு ஒண்ணுமில்ல. ஆளு கல்லுக்குண்டாட்டம் இருக்குது. இது மணியக்காரர் வியாதி."

அடுக்ககம் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவுதான் மின்சாரம் என்று வரையறை செய்யப்பட்டிருந்த காலம் அது. லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் அந்த வரையறை மீறிப்போகும். கட்டடம் முழுவதும் இருண்டுவிடும். அதைத் தடுக்கக் கீழ்த்தளத்து மின்னறையில் ஒரு சிந்திக்கும் பெட்டி வைத்திருந்தார்கள். குடியிருப்போர் அதற்கு வைத்த செல்லப்பெயர்தான் மணியக்காரர்.

"கரண்டு பத்தலைன்னா அது எதோ ஒரு வீட்ல எதோ ஒரு சாமானை ஒரு சிமிட்டு நேரத்துக்கு அணைக்கும்," என்றான் ஜெரோம். "ஃபேனு லைட்டெல்லாம் அதுக்குப் பத்தாது; உன் வீட்ல பெரிய சாமான்னா இது ஒண்ணுதான். கம்ப்யூட்டர்னா செத்துப் பொழைக்கும்."

"அதுக்கு என் கம்ப்யூட்டர்தான் கெடைச்சுதா? தினம் தினம்?"

"நீ என்ன பதில் போட்டு வெச்சிருக்க?"

"எந்தக் கேள்விக்கு?"

"குடி வந்தப்ப கேட்டிருக்குமே. ஒவ்வொரு சாமானுக்கும். 'இது ஒரு கணம் மின்சாரம் இல்லாமல் பொறுக்குமா'ன்னு."

நவநீதன் நினைத்துப் பார்த்தான். "எல்லாத்துக்கும் பொறுக்கும்னு போட்டேன்."

ஜெரோமுக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான்: "அட கிரகமே! இந்தக் காலத்துல எவனாச்சும் பொறுக்கும்னு போடுவானா? எங்கூட்ல மிக்ஸிகூட பொறுக்காது. எங்க மாமியா சீரியல் பாக்கற டிவி இருக்குதே, அது கணக்குப்படி ஐசியூவுல இருக்குது."

"பொய்தானே அது?"

"ஆரு வந்து பாக்கறா? 'மனச்சாட்சிப்படி பதில் தருக'ன்னு போட்டிருக்கான். மனச்சாட்சிக்கு ஒயர் இல்ல மாப்ள."

"பேட்டரி ஒண்ணு வாங்கி வெச்சுக்கறேனே?"

"வீட்ல வெக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குது. தீப்பிடிச்சுதுல்ல அங்கங்க? வைத்தியச் சாமானுக்கு மட்டும்தான் அனுமதி. பேசாம பதிலை மாத்து."

"என் பங்கு வெட்டு அப்புறம் எங்க போகும்?"

"இத்தன வீடு இருக்குதுல்ல? எல்லாருக்கும் பிரிஞ்சு போயிரும். தூசியாட்டம்."

குழாய்களையெல்லாம் அடைத்துவிட்டு ஒன்றை மட்டும் திறந்துவைத்தால் அழுத்தம் முழுவதும் அந்த ஒன்றின்மேல்தான் விழும். பம்பு வரைகிறவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அறிவு என்பது அழைத்தால் வருகிற வேலையாள். அன்று நவநீதன் அதை அழைக்கவில்லை. கைப்பேசியை எடுத்தான், கணினிக்கு நேரே "பொறுக்காது" என்பதை அழுத்தினான். விரல் தொட்டதற்கு மேல் அதில் எந்தப் பாரமும் தெரியவில்லை.

அன்று முதல் கணினி அணையவே இல்லை.

தீவில் கப்பல் வளர்ந்தது. நிறைமதியின் பேச்சும் வளர்ந்தது. ஒரு மாலை, பாய்மரத்தை நிறுத்திக்கொண்டே, "பரீட்சை லீவுக்குக் கோயமுத்தூர் வரட்டுமாப்பா?" என்று கேட்டாள். சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள். நவநீதனின் பொம்மை கையிலிருந்த பலகையைத் தண்ணீரில் நழுவவிட்டது.

"வாம்மா," என்றான். "வாயேன்."

அந்த நாட்களில் மாலை நேரத்தில் கீழ்வீட்டிலிருந்து மெல்லிய கிரீச்சொலி ஒன்று வரத் தொடங்கியிருந்தது. குழந்தைகளின் பொம்மையாக இருக்கும் என்று எண்ணி நவநீதன் காதுக்கருவியை இறுக்கிக்கொண்டான். கீழ்வீட்டில் குழந்தைகள் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது.

பிறகு ஒரு மாலை நிறைமதி தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று வரவில்லை. காதுகள் வெறுமையாக இருந்தன. கிரீச்சொலி எழுந்தது; அதன் பின்னாலேயே படிக்கட்டில் ஓர் ஆண்குரல் கேட்டது.

"மேல ஆராச்சும் இருக்கீங்களா? கொஞ்சம் வாங்களே!"

ஓடி இறங்கினான். கீழ்வீட்டு அர்ச்சுனன் கதவைத் திறந்துவைத்துவிட்டு உள்ளே ஓடிக்கொண்டிருந்தான். கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருப்பவன்; லிஃப்டில் பார்த்தால் புன்னகைப்பவன்; அதற்குமேல் நவநீதனுக்கு அவனைத் தெரியாது. உள்ளே கட்டிலில் அவன் மனைவி கோமதி படுத்திருந்தாள். அவள் கையிலிருந்து இரண்டு குழாய்கள் சிவப்பாக ஓர் இயந்திரத்துக்குப் போய்வந்தன. இயந்திரம் இருண்டிருந்தது, கிரீச்சொலி மட்டும் அதிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"சிறுநீரக மெஷினுங்கண்ணா. நின்னுபோச்சு, மறுபடி கெளம்ப நேரமாகும். ரத்தம் உள்ளயே நிக்குது," என்றான் அர்ச்சுனன். இயந்திரத்தின் பக்கத்தில் இருந்த சிறிய கைப்பிடியைக் காட்டினான். "இதப் புடிச்சு சுத்துங். மெதுவா, நிறுத்தாம. நான் குழாயைப் பாத்துக்கறேன்."

நவநீதன் சுற்றினான். சிவப்பு நகர்ந்தது. விரல் பட்ட குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. பம்புகளையே வரைந்து வயிறு வளர்த்தவன், ஒரு மனுஷியின் இரத்தத்தைக் கையால் இறைத்து அவளுக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

கோமதியின் உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் அவள்தான் பேச்சைத் தொடங்கினாள். "உங்க கம்ப்யூட்டர் சரியாயிருச்சுங்களாண்ணா? முன்னெல்லாம் அதத் திட்டுவீங்க, ஜன்னல் வழியா கேக்கும். இப்பச் சத்தமே காணோம்."

"சரியாயிருச்சுங்க," என்றான் நவநீதன்.

"நல்லவேளை. புள்ளைகூடப் பேசறதுக்கு அது ஒண்ணுதானுங்களே இருக்குது. அவரு சிரிக்கறாரு பாருங்கன்னு நேத்துக்கூட இவருகிட்டச் சொன்னேன்."

நவநீதனின் கை நின்றது. "நிறுத்தாதீங்கண்ணா," என்றான் அர்ச்சுனன். நவநீதன் மறுபடி சுற்றினான். அவள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்க்கக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு சுற்றினான்.

எல்லாம் அடங்கியபின் வாசலில் நின்று கேட்டான்: "மணியக்காரர்கிட்ட பொறுக்காதுன்னு போட்டிருக்கலாமே, தம்பி?"

"மெஷினுக்குள்ள பேட்டரி இருந்துதுங்கண்ணா. கொஞ்ச நேரம் தாங்கும். தாங்கறதைத் தாங்காதுன்னு எப்படிங்க போடறது? வேற ஆருக்காச்சும் நெசமாவே தாங்காம இருந்தா? அம்மிணி கோமதியும் அதேதான் சொன்னா." அர்ச்சுனன் சட்டைக்கையில் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "முன்னயெல்லாம் எப்பவாச்சும் ஒண்ணு வெட்டுமுங்க. இப்ப கொஞ்ச நாளா என்னமோ தெரியலீங், விடாம வெட்டுது. பேட்டரிக்கு மூச்சு விடவே நேரமில்லாம அதும் செத்துப்போச்சு. புதுசு வர நாளாகுமாம். இப்பப் பொறுக்காதுன்னுதான் மாத்திப் போட்டிருக்கறனுங்க. அப்படியும் நம்ம வீட்டையே புடிக்குது."

"ஏன்?"

"கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்டனுங்க. கட்டடத்துல ஒரு வீடாச்சும் பொறுக்கும்னு சொன்னா அதுகிட்டத்தான் போகுமாமா. ஒருத்தருமே சொல்லலைன்னா, கடைசிவரைக்கும் பொறுத்தவங்க ஆருன்னு பாக்குமாமா. பொறுத்துப் பழகினவங்க இன்னுங் கொஞ்சம் பொறுப்பாங்கன்னு அதுக்கு ஒரு நெனப்பு."

நவநீதன் படியேறினான். கைப்பேசியை எடுத்தான். "பொறுக்கும்" என்பதன்மேல் விரலை வைத்தான். அழுத்தினால் கட்டடத்தின் வெட்டுகள் அத்தனையும் தன் கணினியின்மேல் விழும். கப்பலும் பாய்மரமும் மாலைப்பேச்சும் முடிந்துபோகும். திரும்பவும் போயிட்டீங்களாப்பா என்று அவள் கேட்பாள், பிறகு ஒருநாள் அதைக்கூடக் கேட்கமாட்டாள். சனிக்கிழமை கப்பலைக் கடலில் இறக்கலாம் என்று சொல்லியிருந்தாள். ஞாயிறன்று குடியிருப்போர் கூட்டம் இருந்தது. எல்லோரிடமும் சொல்லி, பாரத்தை எல்லோருக்குமாகப் பகிர்ந்துகொள்ளலாமே, நான் ஒருவன் மட்டும் ஏன் என்று அவன் மனம் வாதாடியது. கெட்டிக்கார மனம், நியாயம்போலவே ஒலித்தது. அவன் விரலை எடுத்துவிட்டான்.

சனிக்கிழமை மாலை கப்பல் கடலில் இறங்கியது. நிறைமதி கைதட்டியது காதுக்கருவியில் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை மொட்டைமாடியில் கூட்டம் கூடியபோது செயலாளர் லோகாம்பாள் அம்மாள் முதலில் அந்தச் செய்தியைத்தான் சொன்னார். "ரெண்டாவது மாடி கோமதிக்கு நேத்துப் பொழுதோட குழாய்லயே ரத்தம் உறைஞ்சுபோச்சாமா. அதத் திருப்பி உள்ள விட முடியலையாமா. ஆஸ்பத்திரில ரத்தம் ஏத்தறாங்க. உசுருக்கு ஒண்ணுமில்லையாமா. எல்லாரும் ஒருநடை போய்ப் பாத்துட்டு வாங்க."

"பாவம்" என்ற சொல் வரிசையாக நாற்காலிகள்தோறும் நகர்ந்துபோயிற்று. நவநீதனிடம் வந்தபோது அவனும் அதைச் சொல்லி அடுத்தவருக்கு அனுப்பினான்.

பிறகு எழுந்து நின்றான். நான்தான் என்று தொடங்கவே எழுந்தான். நாற்பது முகங்கள் திரும்பியதும் அந்தச் சொல் வராமல், வேறு எங்கிருந்தோ ஒரு கதை வந்தது. மகள் சிறுமியாக இருந்தபோது அவளுக்குச் சோறூட்ட இட்டுக்கட்டிய கதைகளின் குரலிலேயே வந்தது.

"ஒரு காட்டில் கோடைகாலம். இருந்தது ஒரே குட்டை. நீரைப் பங்கிடும் வேலையை யானை ஏற்றுக்கொண்டது. 'தாகம் பொறுக்க முடிந்தவர்கள் கொஞ்சம் பின்னால் நில்லுங்கள்' என்றது. முதல் நாள் பாதிப் பிராணிகள் பின்னால் நின்றன. பின்னால் நின்றால் கலங்கல் நீர்தான் கிடைக்கும் என்று தெரிந்ததும், மறுநாள் மான் முன்னால் வந்தது. அதைப் பார்த்து முயல் வந்தது. ஒட்டகச்சிவிங்கிகூட வந்துவிட்டது. கடைசியில் ஆமை மட்டும் பின்னால் நின்றது. 'என்னால் உண்மையிலேயே கொஞ்சம் பொறுக்க முடியுமே' என்றது. நாளாக ஆக, ஆமைக்குத் தாகமே எடுக்காது போலும் என்று யானை முடிவுசெய்துவிட்டது. ஒருநாள் குட்டைக்கரையில் ஓடு மட்டும் கிடந்தது."

லோகாம்பாள் அம்மாள் கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள்.

"கதை அருமைங்க சார்," என்றார் நான்காம் மாடிக்காரர். "மனுசன் அப்படித்தானுங்க ஆயிட்டான். என்ன பண்றது?"

"நம்ம பசங்களுக்கு ஆண்டு விழாவுல நாடகமா போடலாமுங்க. எங்க பையன் யானை," என்றாள் ஒரு பெண். "உங்க பையனுக்கு வேஷமே தேவையில்ல," என்றது வேறொரு குரல். சிரிப்பு எழுந்தது. கேசரி வந்தது. யாருடைய கையும் கைப்பேசியைத் தேடிப் போகவில்லை. தம்மைத் தவிர மற்ற எல்லோரையும் பற்றிய கதை அது என்று ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

நவநீதனின் காதுகள் எரிந்தன. அவர்களைக் குறைசொல்ல அவனுக்கு என்ன உரிமை? அந்தக் கதையில் தன்னை அவன் எங்கே நிறுத்தினான்? மானும் முயலும் சிவிங்கியும் வந்தன, நவநீதன் வரவில்லை. பொய் சொன்னதைவிட, அதை அழகாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கியதுதான் அவனைக் கூசவைத்தது. கேசரித் தட்டைத் தொடாமலே இறங்கி வந்தான். கதவைச் சாத்தியதும் கைப்பேசியை எடுத்து, நிற்காமல், "பொறுக்கும்" என்பதை அழுத்தினான்.

சில நாள் கழித்து கோமதி வீடு திரும்பினாள். கீழே கிரீச்சொலி இல்லை. மேலே கணினி, பலகை ஒன்றைத் தூக்குவதற்குள் ஒருமுறை, ஆணி ஒன்றை அறைவதற்குள் ஒருமுறை என்று அணைந்து அணைந்து எழுந்தது.

"என்னப்பா இது? நல்லாத்தானே ஆயிடுச்சு?" என்று கேட்டாள் நிறைமதி.

"நல்லா ஆகலம்மா. நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன்."

சொன்னான். யானையும் ஆமையும் இல்லாமல் சொன்னான். கேள்வி, பதில், கைப்பிடி, வெதுவெதுப்பான குழாய், சனிக்கிழமை. நடுவில் கணினி அணைந்தது. திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். சொல்லி முடித்தான். விடுமுறைக்கு இனி வரமாட்டாள் என்று அவன் மனத்தில் எழுதிக்கொண்டான். அதையும் பொறுத்தாக வேண்டும்.

"அப்பா." குரல் மிகச் சிறியதாக இருந்தது. "எங்க கம்ப்யூட்டரும் முன்னாடி அணையும்."

"என்னம்மா?"

"உங்களுது அணைஞ்சு நீங்க போகும்போதெல்லாம் நான் கோவமாப் பேசினேன்ல? அப்புறம் எங்களுது அணைய ஆரம்பிச்சுது. நானும் வேணும்னே போய்ப் பழிவாங்கறேன்னு நீங்க நெனச்சுட்டா? அதான், அம்மாவுக்குத் தெரியாம... நானும் பொறுக்காதுன்னு போட்டேன்."

நவநீதன் காதுக்கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"எங்க அடுக்ககத்துல யாரு பொறுக்கும்னு போட்டிருக்காங்கன்னு எனக்குத் தெரியாதுப்பா. பக்கத்து வீட்டுல யாரு இருக்காங்கன்னுகூடத் தெரியாது." அவள் மூக்கை உறிஞ்சினாள். "கீழ் வீட்டு ஆன்ட்டிகிட்ட சொன்னீங்களா?"

"இல்லம்மா."

"எங்கிட்ட சொல்லிட்டீங்க."

"ஆமாம். அவங்ககிட்டச் சொல்ல வாய் வரல."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு." நாற்காலி நகரும் ஓசை கேட்டது. "நான் முதல்ல மாத்திப் போடறேன். அப்புறம் ஒவ்வொரு கதவாத் தட்டிக் கேக்கறேன். நீங்களும் போங்கப்பா. யாரு முதல்ல திரும்பி வந்தாலும் மத்தவங்களுக்காகக் காத்திருக்கணும், சரியா?"

அவள் காதுக்கருவியை மேசையில் வைத்த சத்தம் கேட்டது. கப்பலின் மேல்தளத்தில் இரண்டு பொம்மைகளும் ஆளின்றி அருகருகே நின்றன. அடுத்த வெட்டு வந்து அதில் ஒன்றைத் துடைத்துச் செல்வதற்குள் நவநீதன் எழுந்துவிட்டான்.

கீழ்வீட்டு அழைப்பு மணியை அழுத்தினான். அர்ச்சுனன் கதவைத் திறந்தான். முகம் மலர்ந்தது.

"வாங்கண்ணா! என்னங், மறுபடியும் திட்டுச் சத்தம் கேக்குதுன்னு அம்மிணி சொன்னா. கம்ப்யூட்டர் திரும்ப ரிப்பேருங்களா?"

"அது எப்பவுமே ரிப்பேர் ஆகல தம்பி," என்றான் நவநீதன். "உள்ள வரலாங்களா? அம்மிணியும் கேக்கணும்."